கிறிஸ்துமஸ் வாரமும் எங்கள் வீட்டு வரலாறும்

என் பிறந்தநாளைச் சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு நொடி அமைதியாகிவிடுவார். 2004 டிசம்பர் 26. ஆமாம், சுனாமி வந்த அதே ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயரே "சுனாமி"தான். கடலே இல்லாத கோயம்புத்தூரில் பிறந்த எனக்கு இப்படி ஒரு பெயர்! :)

கல்லூரியில் ஒருமுறை குடும்ப வரலாறு எழுதச் சொன்னார்கள். மூன்று தலைமுறைக்கு யார் எப்போது பிறந்தார்கள், யார் எப்போது இறந்தார்கள் என்று ஓர் அட்டவணை, கீழே இரண்டு பக்கம் விளக்கம். ரொம்ப சுலபம் என்று நினைத்து அப்பத்தாவிடம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஒரு தேதி கூட வரவில்லை. "ராசாசி போனப்ப", "பெரியார் போன அன்னைக்கு", "எம்சியார் செத்தப்ப" என்றுதான் வந்தது.

ராஜாஜி இறந்தது 1972 டிசம்பர் 25. பெரியார் இறந்தது 1973 டிசம்பர் 24. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. என்னையும் சேர்த்துக்கொண்டால் எங்கள் வீட்டு முக்கியமான நிகழ்ச்சிகளில் பாதி கிறிஸ்துமஸ் வாரத்தில் வந்து நிற்கிறது. இத்தனைக்கும் நாங்கள் கிறிஸ்தவர்கள் கிடையாது. இது எப்படி?

யோசித்ததில் ஒன்று புரிந்தது. கிறிஸ்துமஸ் எப்போதும் மார்கழிக்குள்தான் வரும். மார்கழியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைக்க மாட்டார்கள், வீடு குடி போக மாட்டார்கள். நாள் பார்த்து, பத்திரிகை அடித்துச் செய்யும் எந்தக் காரியமும் அந்த மாதத்தில் இல்லை. அப்படியென்றால் மார்கழியில் ஒரு வீட்டில் நடப்பது என்ன? யாரும் நாள் குறிக்காமல் தானாக வருவது மட்டும்தான். பிறப்பு, இறப்பு. தேதி எழுதி வைக்காதவர்களுக்கு இந்த மாதிரி நிகழ்ச்சிகளை நினைவு வைத்துக்கொள்ள ஓர் ஆணி வேண்டும். அந்த ஆணியைத் தலைவர்களின் சாவு அடித்துக் கொடுத்தது.

மூன்று பேருமே நம்ம பக்கத்து ஆட்கள்

அந்த மூன்று பேரும் கொங்கு மக்களுக்குத் தூரத்து மனிதர்கள் அல்ல. பெரியார் ஈரோட்டில் பிறந்தவர், ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர். ராஜாஜி ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனவர். 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவரும் அவரே. இரண்டு பேரும் அப்போதிருந்தே நண்பர்கள். அரசியலில் கடைசிவரை எதிரெதிர்.

எம்.ஜி.ஆர். இந்த ஊரில் பிறக்கவில்லை, ஆனால் கதாநாயகன் ஆனது இங்கேதான். முதல்முறை கதாநாயகனாக நடித்த "ராஜகுமாரி" (1947) கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த படம். "மந்திரிகுமாரி" (1950) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். "மலைக்கள்ளன்" (1954) கோவை பட்சிராஜா. அதனால் இவர்கள் இறந்த செய்தி எங்கள் ஊர்களில் சொந்தக்காரர் சாவு மாதிரிதான் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொரு விஷயம் கவனியுங்கள். ராஜாஜியின் தகனத்துக்கு வந்த பெரியார் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அழுதார் என்பது பலரும் அறிந்தது. சரியாக ஒரு வருடத்தில் பெரியாரும் போய்விட்டார். அவர் உடலை மக்கள் பார்வைக்கு வைத்தது ராஜாஜி ஹாலில். அடக்கம் நடந்தது 1973 டிசம்பர் 25, அதாவது ராஜாஜியின் முதல் நினைவு நாளில். பதினான்கு வருடம் கழித்து எம்.ஜி.ஆரின் உடலும் அதே ராஜாஜி ஹாலில் இருந்து டிசம்பர் 25 அன்று மெரினாவுக்குப் போனது.

பஸ் ஓடாத எழவு

எம்.ஜி.ஆர். கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாருவின் (அப்பாவின் அப்பா) அய்யன் அவிநாசி பக்கம் கிராமத்தில் இருந்தார். 1987 டிசம்பர் 23 இரவு இறந்துபோனார். விடிந்ததும் எழவு சொல்ல ஆள் அனுப்ப வேண்டும். திருப்பூர், பல்லடம், கோயம்புத்தூர் என்று எல்லாப் பக்கமும் சொந்தம். விடிந்தால் எம்.ஜி.ஆர். இறந்த செய்தி! கடை அடைப்பு, பஸ் இல்லை. சென்னையில் அன்றைக்குக் கடைகளைச் சூறையாடி, அண்ணா சாலையில் இருந்த கருணாநிதி சிலையையும் உடைத்தார்கள். எங்கள் கிராமத்தில் அவ்வளவெல்லாம் இல்லை. ஆனால் சைக்கிள் தவிர ஒன்றும் நகரவில்லை.

அப்பாரு சிங்காநல்லூரில் இருந்து சைக்கிளில் கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. மூத்த மகன் அவர், கொள்ளி வைக்க வேண்டியவர். அவருக்காக எடுக்காமல் காத்திருந்தார்கள். மகள்களில் இரண்டு பேர் மூன்றாம் நாள்தான் வந்தார்களாம். "ஊரே அழுவுது, ஆனா எங்கய்யனுக்காக இல்ல" என்று அப்பாரு சொல்வாராம். இந்தச் சாவுக்கு மட்டும் தேதியில் சந்தேகமே இல்லை.

அத்தை எப்போது பிறந்தார்?

சிக்கல் வந்தது என் அத்தையிடம்தான். பள்ளிச் சான்றிதழில் அவர் பிறந்த தேதி 1.6.1973. அதை யாரும் நம்புவதில்லை. அந்தக் காலத்தில் ஜூனில் பள்ளிக்கூடம் சேர்க்கும்போது வயது நிறைந்த மாதிரி ஒரு தேதியைப் போட்டுவிடுவது சகஜம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள், மே, ஜூன் மாதப் பிறந்தநாள் எத்தனை என்று! பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது. ஆனால் வீட்டில் நடந்த பிரசவத்தை ஓடிப்போய்ப் பதிவு செய்தவர்கள் குறைவு.

அப்பத்தா சொன்னது "பெரியார் போன அன்னைக்குப் பொறந்தா". சரி, 24.12.1973 என்று எழுதிக்கொண்டேன். விவரம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"பொழுதோட வெளக்கு வெச்சு செத்த நேரம் இருக்கும் கண்ணு. பஞ்சாயத்து ரேடியாவுல சொன்னாங்க. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா வெடியாலதான் கிறிஸ்மஸ் பலகாரம் கொண்டாந்து குடுத்திருந்தாங்க. அது அப்படியே தூக்குல கெடக்குது, எனக்கு வலி வந்துருச்சு."

(எங்கள் ஊர்ப் பேச்சில் "வெடியால" என்றால் காலை, "பொழுதோட" என்றால் சாயங்காலம். வெளியூர் நண்பர்களுக்காக.)

எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. விளக்கப் பக்கத்துக்காகத் தேதிகளைச் சரிபார்த்தபோதுதான் இடித்தது. பெரியார் இறந்தது வேலூர் மருத்துவமனையில், காலை 7.22 மணிக்கு. அந்தச் செய்தி சாயங்காலம் வரை எங்கள் ஊருக்கு வராமல் இருக்குமா? இன்னொன்று, டீச்சரம்மா பலகாரம் கொடுப்பது கிறிஸ்துமஸ் அன்றைக்கு. பெரியார் இறந்தது அதற்கு முந்தின நாள். ராஜாஜி இறந்ததோ கிறிஸ்துமஸ் அன்று, மாலை 5.44-க்கு! விளக்கு வைத்த பிறகு ரேடியோவில் வரக்கூடிய செய்தி அதுதான்.

அப்படியானால் அத்தை பிறந்தது 1972-லா? அத்தையின் ஜாதக நோட்டை எடுத்தேன். பிரமாதீச வருடம், மார்கழி மாதம், காலை நேரம். பிரமாதீச வருடம் 1973 ஏப்ரலில் தொடங்கி 1974 ஏப்ரலில் முடிகிறது. ராஜாஜி இறந்தது அதற்கு முந்தின பரிதாபி வருடத்தில். ஆக அத்தை 1973 மார்கழிதான், பெரியார் இறந்த அன்று காலைதான். ஜாதகம் எழுதியவர் வருடத்தை மாற்றி எழுத வாய்ப்பில்லை.

இடமும் பொருந்தவில்லை. அத்தை பிறந்தது சிங்காநல்லூரில், அப்பாரு வேலை பார்த்த மில்லின் லைன் வீட்டில். பஞ்சாயத்து ரேடியோவும் டீச்சரம்மாவும் இருந்தது அப்பத்தாவின் அம்மா வீட்டுக் கிராமத்தில். அம்மா வீட்டில் பார்ப்பது தலைப்பிரசவம் அல்லவா? அத்தைதான் மூத்தவர் என்றால் அவர் ஏன் லைன் வீட்டில் பிறந்தார்?

அப்பத்தாவிடம் திரும்பப் போனேன். குற்றம் கண்டுபிடித்த போலீஸ் மாதிரி நோட்டைக் காட்டி, "அப்பத்தா, நீங்க சொன்னது பெரியார் இல்ல, ராஜாஜி" என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அது மொதப் பையன் கண்ணு. இருவது நாள் இருந்தான். பொங்கலு முடியறதுக்குள்ள போயிட்டான்."

பெயர் வைக்கவில்லை. ஜாதகம் எழுதவில்லை. படம் இல்லை, பதிவு இல்லை. என் அப்பாவுக்கே அப்படி ஓர் அண்ணன் இருந்தது தெரியாது. அடுத்த வருடம் அதே வாரத்தில் அத்தை பிறந்ததும் வீட்டில் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. ஐம்பது வருடத்தில் அப்பத்தாவின் மனதுக்குள் இரண்டு பிரசவமும் ஒன்றாகிவிட்டதா, இல்லை ஒன்றுக்குள் இன்னொன்றை அவரே ஒளித்து வைத்தாரா? நான் கேட்கவில்லை.

பட்டியலில் இல்லாத கிறிஸ்துமஸ்

இது நடந்த பிறகு அப்பத்தா சொன்ன பட்டியலை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். இருப்பதை விட்டுவிட்டு, இல்லாதது என்ன என்று.

1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய தஞ்சாவூர் மாவட்டம், கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்த விவசாயத் தொழிலாளர்கள். நிலக்கிழார்களின் ஆட்கள் தாக்க வந்தபோது உயிருக்குப் பயந்து ஒரு சிறிய குடிசைக்குள் ஒளிந்த தலித் மக்கள் 44 பேர் உள்ளேயே வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். முக்கியக் குற்றவாளிகளாகத் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது.

அப்பத்தாவிடம் வெண்மணி தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. தலைவர்கள் இறந்தால் ரேடியோ நாள் முழுக்கச் சொல்லும், கடை அடைப்பார்கள், ஊரே நிற்கும். 44 கூலிக்காரர்கள் எரிந்த அன்று எங்கள் ஊரில் எதுவும் நிற்கவில்லை. அதனால் எங்கள் வீட்டு நினைவில் அதற்கு ஆணி இல்லை. அப்பத்தாவைக் குறை சொல்லவில்லை. நானும் அதைக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் படித்தேன்.

கீழவெண்மணி இப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. 2004 சுனாமியில் தமிழ்நாட்டில் இறந்த சுமார் 8,000 பேரில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் அதே மாவட்டம். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்து, மறுநாள் காலை கடற்கரையில் நின்றிருந்த பக்தர்களும் அதில் உண்டு. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரி வராந்தாவில் மிட்டாய் கொடுத்திருக்கிறார்கள். ஒரே நாள்தான்...

வாய்மொழி வரலாற்றை நம்பலாமா கூடாதா என்று வகுப்பில் நிறைய வாதம் செய்திருக்கிறோம். எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: அப்பத்தா வருடத்தைத் தவறாகச் சொன்னார், பலகாரத்தைச் சரியாகச் சொன்னார். தப்பாகச் சொன்ன இடத்தில்தான் உண்மை இருந்தது. திருத்திவிட்டு நகர்ந்திருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் சொல்வது தேதியோடு இடித்தால் உடனே திருத்தாதீர்கள். என் மாதிரி நோட்டைக் காட்டி மடக்கவும் வேண்டாம். அன்றைக்கு என்ன சமையல், யார் வந்தார்கள், விளக்கு வைத்தாயிற்றா என்று மெதுவாகக் கேளுங்கள்.

அட்டவணையைக் கொடுப்பதற்கு முன் அப்பத்தாவிடம் அனுமதி கேட்டு ஒரு வரி சேர்த்தேன். அத்தைக்கு மேலே, முதல் வரிசையில்.

ஆண் குழந்தை. பிறப்பு 25.12.1972.

எழுதியதைப் படித்துக் காட்டினேன். "பொழுதோடன்னு எழுது கண்ணு" என்றார். அதையும் எழுதினேன்.