தூய அந்திரேயா ஆலயம், எழும்பூர்

சென்னை எழும்பூரில், பூந்தமல்லி நெடுஞ்சாலையை அடுத்து ஓங்கி நிற்கும் தூய அந்திரேயா ஆலயம், ஸ்காட்லாந்துத் திருச்சபையைச் சார்ந்த பிரெஸ்பிடேரியர்களால் எழுப்பப்பெற்று, இந்நாளில் தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டு ஸ்தலமாக விளங்குவதாகும். நகரத்தார் இதனைக் ‘கிர்க்’ என்றும் வழங்குவர்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியத்தில் ஸ்காட்லாந்து தேசத்தார் பலர் இருந்தும், அத்தியட்சர்களின் அதிகாரத்தை ஏலாது மூப்பர்களின் சபையால் ஆளப்படும் தங்கள் சம்பிரதாயப்படி ஆராதனை நிகழ்த்த அவர்களுக்குச் சென்னையில் ஓர் ஆலயம் இல்லாதிருந்த குறை, 1813-இல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பெற்ற பின்னரே நீங்கத் தலைப்பட்டது. கோட்டைக்கும் கறுப்பர் பட்டணத்துக்கும் அப்பால், தோட்ட வீடுகள் நிறைந்த புறநகராக இருந்த எழும்பூரில், 1818 ஏப்ரல் 6-ஆம் நாள் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 1821 பிப்ரவரியில் ஆலயம் திறக்கப்பட்டது.

நிர்மாணப் பொறுப்பை ஏற்றவர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த மேஜர் தாமஸ் டி ஹாவிலண்ட். லண்டனில் செயின்ட் மார்ட்டின் ஆலயத்தைக் கட்டிய ஜேம்ஸ் கிப்ஸ் அதற்கென முதலில் வரைந்து, செலவு மிகுமென்று கைவிடப்பட்ட வட்ட வடிவத் திட்டம், கடல் கடந்து எழும்பூரில் உருப்பெற்றது. பதினாறு தூண்கள் தாங்கும் குவிமாடத்தின் உட்புறம் நீல வர்ணம் தீட்டப்பெற்றுப் பொன்னிற நட்சத்திரங்களால் பொலிகின்றது. கூர்ங்கோபுரத்தின் உயரம் 166 அடி.

ஆயினும் இவ்வாலயத்தின் மெய்யான பெருமை, கண்ணுக்குப் புலப்படும் இவ்வழகினும் மண்ணுள் மறைந்திருக்கும் அஸ்திவாரத்திலேயே உள்ளதென்பது எம் துணிபு. இறுக்கமற்ற நிலத்தில் இத்துணைப் பாரத்தை நிறுத்துவதற்காக, 14 முதல் 50 அடி வரை ஆழமுள்ள ஏறத்தாழ 150 கிணறுகள் இறக்கப்பட்டன. வட்டமாகக் கட்டிய சுவரின் உள்மண்ணைத் தோண்டத் தோண்ட, அச்சுவர் தன் பாரத்தாலேயே கீழிறங்கி உறுதியான அடுக்கிற் சென்று நிலைகொள்ளும். சங்ககாலத் துறைமுகங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட உறைகிணறுகளை அறிந்தவர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. நீர் சுரக்கும் குழிகளில் இறங்கி அம்மண்ணை அள்ளியவர்களின் உழைப்பின்மேலேயே குவிமாடம் நிற்கின்றது.

ஆலயத்தின் குருமார் 1835-இல் தொடங்கிய சிறு பாடசாலையை, 1837-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் ஏற்று வளர்த்தார். 1843-இல் தாய்ச்சபை பிளவுற்றபோது அவர் சுதந்திரத் திருச்சபையைச் சார்ந்தார்; ஆலயமோ பழைய சபையுடனேயே நின்றது. அப்பாடசாலை வில்லியம் மில்லரின் காலத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக உயர்ந்து, 1937-இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது.