திருமணம், மணவிலக்குச் சட்டம், 1976 (மலேசியா)

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்குப் பொதுவான குடும்பச் சட்டம். முழுப்பெயர் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம். சட்ட எண் 164. நாடாளுமன்றம் 1976இல் நிறைவேற்றிய இது, 1982 மார்ச் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசியலமைப்பின் 44ஆவது உறுப்பு சொல்லும் பொதுச் சிவில் சட்டத்தோடு ஒப்பிட்டால், இதைப் பாதிப் பொதுச் சட்டம் என்பதே பொருந்தும்.

அந்தப் பாதி எது என்பதைப் பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்திலேயே பார்க்கலாம். அங்குள்ள பீடோர் நகரில் வாழும் முஸ்லிம் அல்லாத தமிழரும் சீனரும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றனர். மலாய்க்காரரும் பிற முஸ்லிம்களும் பேராக் மாநில இஸ்லாமியக் குடும்பச் சட்டத்துக்கும் ஷரியா நீதிமன்றத்துக்கும் உட்பட்டவர்கள். மாவட்டத்திலுள்ள செமாய் பழங்குடியினர் தங்கள் வழக்கப்படி மணந்தால் இச்சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. விரும்பினால் இதன்கீழ் மணக்கலாம்.

இச்சட்டத்துக்கு முன்பு இந்துக்களுக்கும் சீனருக்கும் அவரவர் வழக்கமே சட்டம். கிறிஸ்தவருக்கு 1956ஆம் ஆண்டின் தனிச்சட்டம் இருந்தது. ரப்பர் தோட்டத்துக் கோயிலில் ஊரறியத் தாலி கட்டினால் அதுவே திருமணம், எழுத்துச் சான்று தேவைப்படவில்லை. ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை வைத்துக்கொள்ளவும் வழக்கம் இடம் கொடுத்தது. புதிய சட்டம் அதை நிறுத்தியது. 1982க்குப் பின் செய்த இரண்டாம் திருமணம் செல்லாது. கணவன் உயில் எழுதாமல் இறந்தால் அப்படி இரண்டாவதாக மணந்த பெண்ணுக்குச் சொத்துரிமை இல்லை. ஆணின் தவற்றுக்குப் பெண்ணும் விலை கொடுக்கும் ஏற்பாடு இது. முந்தைய திருமணங்கள் மட்டும் செல்லுபடியாகவே நீடித்தன.

ஒன்றாக்க வந்த சட்டம் தாய்மாமனிடம் வளைந்து கொடுத்தது. நெருங்கிய உறவில் மணப்பதைத் தடுக்கும் 11ஆவது பிரிவிலேயே, இந்து ஒருவர் தம் வழக்கப்படி அக்காள் மகளையோ தங்கை மகளையோ மணக்கலாம் என்ற விலக்கு உண்டு. கோயில் குருக்களைத் உதவிப் பதிவாளராக நியமிக்கவும் வழி வைத்தது. பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் திருமணம் செல்லாமல் போகாது; ஆனால் சொத்து, பிள்ளை என்று வழக்கு வரும்போது, நடந்த கல்யாணத்தை நிரூபிக்கப் பெண்தான் அலைய வேண்டியிருக்கும்.

இந்தச் சட்டமும் இஸ்லாமியக் குடும்பச் சட்டமும் உரசும் இடம் மதமாற்றம். ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் கணவர் 2009இல் இஸ்லாத்தைத் தழுவி, மனைவிக்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றினார். ஈப்போ உயர் நீதிமன்றம் 2013இல் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. இறுதியாக 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம், பெற்றோர் இருவரும் உயிரோடிருந்தால் பிள்ளையை மதம் மாற்ற இருவரின் சம்மதமும் வேண்டும் என்று ஒருமனதாகக் கூறியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சைனுன் அலி.

1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான திருத்தம் 2018 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முன்பு மதம் மாறாத துணை மட்டுமே மதமாற்றத்தைக் காரணம் காட்டி மணவிலக்குக் கோரலாம். இப்போது மாறியவரும் சிவில் நீதிமன்றத்திலேயே கோரலாம். பிள்ளைகளை ஒருதலையாக மதம் மாற்றுவதைத் தடுக்க முன்வைக்கப்பட்ட 88ஏ பிரிவை மட்டும் 2017 ஆகஸ்டில் அரசு விலக்கிக்கொண்டது. ஆகவே பிள்ளைகளுக்கான அந்தப் பாதுகாப்பு சட்டப் புத்தகத்தில் இல்லை, தீர்ப்பில்தான் இருக்கிறது.