மண்ணோடு மக்கிப்போகும் ரோபோ: அன்னாசி இலையில் பறந்த ட்ரோன், பால்மரத்தில் என்ன சிக்கல்?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் அது பால்மரக் காடு. இன்று அங்கே மருந்தடிக்கவும் மரங்களை எண்ணவும் ட்ரோன் பறப்பது புதிய விஷயமில்லை. அதில் ஒன்று மட்டையில் இடித்துக் காட்டுக்குள் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தேடியும் கிடைக்கவில்லை. அதன் கார்பன் ஃபைபர் சட்டமும் பிளாஸ்டிக் பாகங்களும் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை அங்கேயே கிடக்கும்.

அந்த ட்ரோன் காய்ந்த இலையைப் போல மண்ணோடு மக்கிப்போனால் எப்படி இருக்கும்? ‘மக்கும் ரோபோ’ ஆராய்ச்சியின் அடிப்படைக் கேள்வி இதுதான். அதற்கான ஒரு பதில் மலேசியாவிலேயே தொடங்கியிருக்கிறது.

அன்னாசி இலையில் ட்ரோனா?

ஆமாம். புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் (யு.பி.எம்) பேராசிரியர் முகமட் தாரிக் ஹமீட் சுல்தான் தலைமையிலான குழு 2017 முதல் இதில் ஈடுபட்டிருந்தது. 2021 தொடக்கத்தில் உலக ஊடகங்கள் இதைப் பேசின. உலு லங்காட் வட்டார விவசாயிகள் அறுவடைக்குப் பிறகு வீசிவிடும் அன்னாசி இலைகளே மூலப்பொருள். இலையிலிருந்து நாரைப் பிரித்து, அதை ஒரு பிணைப்புப் பொருளோடு சேர்த்து ட்ரோனின் சட்டத்தைச் செய்தார்கள். சோதனை ட்ரோன் சுமார் 1,000 மீட்டர் உயரம் வரை போய், ஏறக்குறைய 20 நிமிடம் காற்றில் நின்றது. சட்டம் உடைந்தால் மண்ணில் புதைத்துவிடலாம், இரண்டு வாரத்தில் சிதைந்துவிடும் என்று குழு சொன்னது.

தலைப்பில் ‘மக்கும் ட்ரோன்’ என்று படித்தவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மக்குவது சட்டம் மட்டும்தான். மோட்டார், பேட்டரி, சர்க்யூட் போர்டு எல்லாம் கடையில் வாங்கும் அதே பொருள்கள்தான். இது அந்த ஆராய்ச்சியின் குறை இல்லை, உலகம் முழுக்க இந்தத் துறை மாட்டிக்கொண்டிருக்கும் இடமே இதுதான். பேட்டரிக்குக் கீழே வருவோம்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

சமையலறையில் இருக்கிற பொருள்களை வைத்துத்தான் பாதி வேலை நடக்கிறது. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் உள்ள யோஹன்னஸ் கெப்ளர் பல்கலைக்கழகக் குழு, 2020இல் ஜெலட்டின், சர்க்கரை, கிளிசரால், சிட்ரிக் அமிலம் சேர்த்து ஒரு மென்மையான ஜெல் செய்தது. யானைத் துதிக்கை மாதிரி வளையும் ரோபோ உறுப்பு அது. 3 லட்சத்து 30 ஆயிரம் முறைக்கு மேல் வளைத்தும் காய்ந்து வெடிக்கவில்லை. வேலை முடிந்து கழிவுநீரில் போட்டால் சில நாளில் கரைந்துவிடும்.

சுவிட்சர்லாந்தின் இ.பி.எஃப்.எல் ஆய்வாளர்கள் 2022இல் காட்டிய ட்ரோன் இன்னும் வேடிக்கையானது. அதன் இறக்கை அரிசிப் பொரியில் செய்த பிஸ்கட்டுகள், ஒட்டுவதற்கு ஜெலட்டின். வெள்ளத்திலோ மலையிலோ சிக்கியவருக்கு அவசர உணவாக இறக்கையையே சாப்பிடக் கொடுக்கலாம் என்பது யோசனை. சரஸ்வதி பூஜைப் பொரி பறந்து வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஈரம் பட்டால் நமத்துப்போகும், அதனால் அதை உறை போட்டு மூடவேண்டியிருந்தது. ஈப்போவின் சாயங்கால மழையை நினைத்தால் இந்தப் பிரச்சினை சின்னதில்லை.

எனக்குப் பிடித்தது 2023இல் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட விதை சுமக்கும் கருவி. அதில் பேட்டரியே கிடையாது. ஓக் மரத்தின் மெல்லிய சீவலைச் சுருட்டிச் செய்தது, மழை பட்டால் ஈரத்தில் விரிந்து சுழன்று மண்ணுக்குள் தன்னைத்தானே துளைத்துக்கொண்டு போகும். இரண்டு முறை நனைந்தபின், சமதளத்தில் 80 விழுக்காடு வெற்றி. அதை ரோபோ என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். மனிதர் போக முடியாத சரிவில் விதை போடுகிறதே, பெயரில் என்ன இருக்கிறது.

சரி, நம்ம பால்மரம்?

பேராக்கில் இந்தச் செய்தியைப் படிக்கிறவருக்கு இயல்பாக வரும் கேள்வி இது. மலாயாவின் முதல் பால்மரங்களில் சிலவற்றை 1877இல் கோலக் கங்சாரில் நட்டவர் அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ. ஒன்பது கன்றுகள். அதில் ஒரு மரம் இன்னும் மாவட்ட அலுவலகம் அருகே நிற்கிறது. அங்கிருந்துதான் ரப்பர் தோட்டம், லயம், பெரட்டு, நம்மவர்களின் நூறாண்டு வாழ்க்கை எல்லாம்.

ரப்பருக்கும் ரோபோவுக்கும் உறவு புதிதும் அல்ல. 1950களில் வந்த ‘மெக்கிபென் தசை’ என்ற அமைப்பைப் பாருங்கள்: சைக்கிள் டியூப் மாதிரி ஒரு ரப்பர் குழாய், அதைச் சுற்றி ஒரு பின்னல் உறை. காற்றை அடித்தால் குழாய் தடிக்கும், உறை அதை நீள விடாது, அதனால் குட்டையாகிச் சுருங்கும். நம் கைத்தசை சுருங்குவதைப் போலவே. இன்றைய மென் ரோபோக்களில் பெரும்பாலும் சிலிக்கோன் பயன்படுகிறது. சிலிக்கோன் மக்காது. அந்த இடத்தில் மரத்திலிருந்து வரும் ரப்பரைப் போட்டால் முடிந்தது என்றுதானே தோன்றும்?

அங்கேதான் வில்லங்கம். மரத்தில் வெட்டி மங்கில் சேரும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ஃபார்மிக் ஆசிட் விட்டால் உறையும். இந்தப் பச்சை ரப்பரை மண்ணிலுள்ள சில நுண்ணுயிரிகளால் தின்ன முடியும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்கள் சில, ரப்பரின் நீண்ட சங்கிலியை வெட்டும் நொதியைச் சுரக்கின்றன. ஆகவே இயற்கை ரப்பர் மக்கும் பொருள் என்பது உண்மைதான்.

ஆனால் பச்சை ரப்பரில் ரோபோ செய்ய முடியாது. வெயிலில் பிசுபிசுக்கும், இழுத்தால் பழைய வடிவத்துக்கு ஒழுங்காகத் திரும்பாது. தோட்டத்தில் வளர்ந்த அப்பா அம்மாவைக் கேளுங்கள், ஒட்டுப்பாலை இழுத்துச் சுற்றிப் பந்து செய்த கதையும், கையில் ஒட்டிய நாற்றம் போகாத கதையும் சேர்ந்தே வரும். இதற்குத் தீர்வாக 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டதுதான் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் வல்கனைசிங் முறை. கந்தகம் ரப்பர் சங்கிலிகளைக் குறுக்கே முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுகிறது. டயர், கையுறை, ரப்பர் பேண்ட் எல்லாமே அப்படி முடிச்சுப் போட்டவை. முடிச்சு கூடக் கூட உறுதி கூடும், அதே அளவுக்கு நுண்ணுயிரிக்கு வாய் வைக்க இடம் குறையும். கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனங்கள் வேறு.

அதாவது, ரப்பரை உபயோகமுள்ளதாக ஆக்குகிற அதே வேலைதான் அதை மக்கவிடாமலும் செய்கிறது. ‘மரத்திலிருந்து வந்தது, ஆகவே மக்கும்’ என்று ஒரு பொட்டலத்தில் அச்சடித்திருந்தால் அப்படியே நம்பவேண்டாம். முடிச்சைக் குறைவாகப் போடுவது, பிறகு அவிழ்க்கக்கூடிய முடிச்சைப் போடுவது என்ற வழிகளில் ஆய்வுகள் நடக்கின்றன.

‘மக்கும்’ என்று யார் முடிவு செய்வது?

சிதைவது வேறு, மக்குவது வேறு. துண்டு துண்டாக உடைந்து கண்ணுக்குத் தெரியாமல் போனால் அது மைக்ரோபிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். மக்குவது என்றால் நுண்ணுயிரிகள் அதைத் தின்று, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் உரமாகவும் மாற்றவேண்டும். ஐரோப்பாவின் இ.என் 13432 தரம், மக்கும் பொட்டலப் பொருள் 6 மாதத்துக்குள் 90 விழுக்காடு மக்கவேண்டும் என்கிறது. அதுவும் சூடான தொழிற்சாலை உரக்குழியில். சோள மாவிலிருந்து வரும் பி.எல்.ஏ பிளாஸ்டிக் இந்த வகை. ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் மக்கும் அது, வீட்டுக் கொல்லையில் புதைத்தால் ரொம்ப காலம் அப்படியே கிடக்கும். எந்த மண்ணில், எந்தச் சூட்டில், எத்தனை நாளில் என்ற மூன்றும் இல்லாமல் ‘மக்கும்’ என்ற சொல்லுக்கு அதிக அர்த்தம் இல்லை.

பேட்டரி?

இதுதான் பெரிய முட்டுக்கட்டை. சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகம் 2022இல் காகிதத்தில் ஒரு பேட்டரி செய்தது. உப்பு தோய்ந்த காகிதம், கிராஃபைட் மை, துத்தநாக மை, இரண்டு சொட்டுத் தண்ணீர். 1.2 வோல்ட் தந்து ஒரு சின்ன அலாரம் கடிகாரத்தை ஓட்டியது. இத்தாலியில் 2023இல், உணவுப் பொருள்களாலேயே சார்ஜ் ஏறும் பேட்டரி செய்தார்கள். அதன் மின்னழுத்தம் 0.65 வோல்ட். ட்ரோனில் இருக்கும் லித்தியம் செல் ஒன்றே சுமார் 3.7 வோல்ட், அதோடு மோட்டார்களைச் சுழற்றும் மின்னோட்டமும் வேண்டும். ஆக, மண்ணின் ஈரத்தை அளந்து சொல்லும் சின்ன சென்சாருக்கு மக்கும் பேட்டரி போதும். மருந்து டப்பாவைத் தூக்கிப் பறக்க இப்போதைக்குப் போதாது.

இதில் நமக்கு என்ன?

மலேசியா 1988இல் 16 லட்சம் டன்னுக்கும் அதிகமாக இயற்கை ரப்பர் உற்பத்தி செய்தது. 2023இல் சுமார் 3.5 லட்சம் டன். இப்போதுள்ள ரப்பர் நிலத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சிறுதோட்டக்காரர்கள் கையில் இருக்கிறது. பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களில் பலரிடம் அந்த நிலம் இல்லை. ஆகவே பால்மர ரோபோ வந்தால் தோட்டத் தமிழர் வாழ்வு மாறும் என்று எழுதுவது வெறும் ஆசை.

வாசல் வேறு பக்கம் இருக்கிறது. இந்த ஆராய்ச்சிக்கு வேண்டியவர்கள் பொருள் பொறியியல், வேதியியல், இயந்திரவியல் படித்தவர்கள். செரி இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கம்பாரில் யு.டி.ஏ.ஆர், ஈப்போவில் உங்கு ஓமார் போலிடெக்னிக் என்று பேராக்கிலேயே படிக்க இடம் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் தினமும் மிஞ்சும் மட்டையும், பழம் உதிர்த்த குலையும் நார்தான். அன்னாசி இலையில் செய்ததை இதில் செய்து பார்க்க, இறுதியாண்டு மாணவருக்கு மூலப்பொருள் பஞ்சமில்லை.

மக்கும் பேட்டரி வரும்வரை இருப்பதை என்ன செய்வது? உலகில் 2022இல் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு சேர்ந்தது, முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடு. மலேசியாவில் மின்கழிவு, எஸ்.டபிள்யூ.110 என்ற குறியீட்டின் கீழ் ‘அட்டவணைக் கழிவு’. உடைந்த ட்ரோனோ, உப்பிப்போன கைப்பேசி பேட்டரியோ வீட்டில் இருந்தால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளை டேப் ஒட்டி மூடி, மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். அருகிலுள்ள மையம் எது என்று சுற்றுச்சூழல் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.