சர்க்கார் சோதித்தது யாரை?

விபசாரத்தைச் சர்க்காரே அனுமதித்து, வைத்தியச் சோதனையுடன் நடத்திவந்தால் தீமை குறையுமென்போர் இன்றும் உளர். அவர்களை நாம் பரிகசிக்கவில்லை. ஆயினும், இம்முறை சிங்கப்பூரிலேயே ஒருகாலத்தில் நடந்து பார்த்ததென்பதை வாசகர் பலர் அறியார்.

இதன் தாய் பிரிட்டனில் 1864இல் பிறந்த தொற்றுவியாதிச் சட்டம். பெண்களின் சுகத்தை நாடி அது பிறக்கவில்லை. பட்டாளத்தாரும் கப்பற்படையாரும் மேகவியாதியால் படுத்துவிட்டதே காரணம். சந்தேகத்துக்குள்ளான பெண்ணைப் போலீஸார் சோதனைக்கு உட்படுத்தலாம், நோய் கண்டால் ஆஸ்பத்திரியில் அடைக்கலாம், மறுத்தால் சிறை. அவளிடம் சென்ற ஆடவனுக்கோ ஒன்றுமில்லை. முன்னர்ச் சிப்பாய்களுக்கும் சோதனை இருந்தது. அது அவர்கள் மானத்துக்கு இழுக்கென்று 1859இல் கைவிடப்பட்டது. ஸ்திரீகளுக்கு மானமென்று ஒன்றுண்டென எவருக்கும் தோன்றவில்லை போலும்!

இந்தியாவுக்கு 1868இலும், சிங்கப்பூருக்கு 1870இலும் இத்தகைய சட்டம் வந்தது. இங்கே விடுதிகளும் பெண்களும் சர்க்கார் ஏட்டிற் பதியப்பட்டனர். அப்பெண்களிற் பலர் சீனத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் விலைக்கும் கடனுக்கும் கொண்டுவரப்பட்டோர். ஏட்டிற் பெயர் ஏறிற்று, கடன் இறங்கவில்லை.

ஜோஸபின் பட்லர் அம்மையார் 1869 முதல் நடத்திய கிளர்ச்சியால் பிரிட்டனில் 1886இலும், சிங்கப்பூரில் 1888இலும் சட்டம் ஒழிந்தது. பின்னர் இங்கே நோய் பெருகிற்றென வைத்தியர்கள் முறையிட்டதையும் நாம் மறைக்கோம். 1930இல் விடுதிகளையே தடுத்தனர். தொழில் மறைவிடம் புகுந்தது.

நியூஸிலாந்து 2003இல் வேறு வழி கண்டது: பெண்ணுக்குக் கட்டாயச் சோதனையில்லை, நோய் பரவாமற் காக்கும் கடமை, பணங்கொடுத்து வரும் ஆடவனுக்கும் உண்டு, தவறினால் அவனுக்கும் அபராதம்.