பாய்க்கப்பல் ஆசை: தூத்துக்குடியிலிருந்து குளோஸ்டர் வரை

மேற்கத்தியப் பாய்க்கப்பல் பிரியர்களின் நினைவுக் குறிப்புகளைப் படிச்சீங்கன்னா எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் போகும். பத்து வயசில் ஏரியில் டிங்கி என்கிற சின்னப் பாய்ப்படகு. இருபதில் நண்பனின் படகில் கடல். நாற்பதில் கடன் வாங்கியாவது ஒரு சொந்தப் படகு. வாழ்நாள் முழுக்க ஒரே ஆசை.

பாய் விரித்தே வாழ்ந்த ஊர் தூத்துக்குடி. இங்கே அந்த மாதிரி ஒரு வாழ்க்கைக்கதையைத் தேடினால் சிக்குவது கஷ்டம். ஆசை இல்லாமல் போச்சா, அல்லது அந்த ஆசைக்கு வேற பேர் இருந்ததா? என் பதில் இரண்டாவது.

முத்துக்குளிப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். முத்துன்னாலே நமக்கு நினைவுக்கு வருவது மூச்சடக்கி மூழ்கும் ஆள். ஆனால் அவரை முத்துப்பார் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது பாய். மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடுராத்திரிக்கு மேல் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். அந்தக் கரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் கூட்டமாகக் கிளம்பும். விடியும்போது பாருக்கு மேல் நங்கூரம். மத்தியானம் காற்று திரும்பும். கடல்காற்றில் பாயை விரித்து, சிப்பியோடு கரை சேர வேண்டியதுதான். நிலமும் நீரும் வெவ்வேறு வேகத்தில் சூடேறுவதால் வரும் இந்தக் காற்று மாற்றம்தான் அவர்களுடைய டைம்டேபிள். இதைக் கவனித்துப் பதிவு செய்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர், சென்னை மாகாணத்தில் முத்து, சங்குக் குளிப்பைக் கவனித்த மீன்வள அதிகாரி. சிப்பி எண்ண வந்தவர் படகுகளின் மேல் பைத்தியமாகிவிட்டார். இந்தியப் படகு வகைகளைப் பற்றி 1920இல் அவர் எழுதிய நூல் இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்ப்பது. பிறகு பசிபிக் தீவுகளின் படகுகள் வரைக்கும் போனார்.

முத்து வருஷா வருஷம் கிடைக்காது. பல வருஷம் பார் வெறுமையாகக் கிடக்கும். தினசரிச் சோறு போட்டது தோணி. தூத்துக்குடிக் கரையோரம் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளித்தான் நிற்கும். பஞ்சு, உப்பு, அரிசி எதுவானாலும் தோணியில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோகணும். 1907இல் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்கள் வந்தபோதும் நிலைமை இதுதான். இது போக, சுமார் 150 கடல் மைல் தள்ளியிருக்கும் கொழும்புக்குத் தோணிகள் தாங்களே பாய் விரித்துப் போய்வந்தன.

இங்கேயும் ஒரு ஏணி இருந்தது. பையன் முதலில் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் கடல் பழகுவான். தோணியில் பண்டாரியாக, அதாவது சமையல் பையனாக ஏறுவான். பிறகு பாய்க்கயிறு, சுக்கான். கடைசியில் தண்டல், தோணியின் தலைவன். கொஞ்சம் பேருக்குச் சொந்தத் தோணியும் வாய்க்கும். டிங்கியில் ஆரம்பித்துச் சொந்தப் படகில் முடியும் அதே வரிசைதானே இது? வித்தியாசம், இது பிழைப்பு.

இந்த இரண்டு ஏணிகளும் ஒரே கப்பலில் சந்தித்த சம்பவம் ஒன்று உண்டு. அது நடந்தது மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், இலங்கையில்.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் ஒரு அமெரிக்கர். 1928 ஜூனில் 32 அடிப் படகு ஒன்றில் நியூயார்க்கிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 1931 நவம்பரில் திரும்பினார். உலகைச் சுற்றி வந்த படகுகளில் அன்றைக்கு அதுதான் மிகச் சிறியது என்று பேர் வாங்கியது. படகின் பெயர் 'ஸ்வாப்'. சமஸ்கிருதத்தில் கனவு! வழியில் தஹிதித் தீவுக்காரரான எத்தேரா என்பவர் துணைக்குச் சேர்ந்து கடைசி வரை வந்தார். பயணத்தைப் பற்றி ராபின்சன் புத்தகம் எழுதிப் பிரபலமானார். 1934இல் கலபகோஸ் தீவுகளில் குடல்வால் வெடித்துச் சாகக் கிடந்தவரை அமெரிக்கக் கடற்படை காப்பாற்றியது. அதோடு ஸ்வாப் அவர் கையைவிட்டுப் போனது.

அடுத்து அவர் கண் பட்டது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வல்வெட்டித்துறைக் கப்பல் ஒன்றில். 1930இல் உள்ளூர்த் தச்சர்கள் கட்டிய, சுமார் 89 அடி நீளமுள்ள 'அன்னபூரணி'. வல்வெட்டித்துறையார் கட்டிய இதுபோன்ற பாய்க்கப்பல்கள் தமிழ்நாட்டுத் துறைமுகங்களுக்கும் பர்மாவுக்கும் சரக்கோடு போய்வந்தவை. ராபின்சன் அதை விலைக்கு வாங்கி, தன் மனைவி பெயரில் 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றினார். கப்பல் 1937இல் கிளம்பி, சூயஸ், மத்தியதரைக்கடல், பெர்முடா வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்தைத் தொட்டது. ஓட்டி வந்தவர்களில் வல்வெட்டித்துறை மாலுமிகள் இருந்தார்கள். வங்காள விரிகுடாவில் பழகிய கை அட்லாண்டிக்கிலும் எடுபட்டது.

ராபின்சனைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. உண்மையான கடலாடி. 1942இல் 'வருவா' என்ற 70 அடிப் பாய்க்கப்பலைச் சொந்தமாகவே கட்டினார். கவனிக்க வேண்டியது வார்த்தைகளை. ஒரே கப்பல், ஒரே அட்லாண்டிக். சொந்தக்காரர் 'சாகசப் பயணி', கயிறு பிடித்தவர்கள் 'சிப்பந்திகள்'. காசு கொடுத்து அனுபவித்தால் ஆசை, கூலி வாங்கிக்கொண்டு செய்தால் வேலை என்று நாமே ஒரு கோடு போட்டு வைத்திருக்கோம்.

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிற எனக்கு இந்தக் கோடு நம்பும்படி இல்லை. சம்பளத்துக்குக் கோடு எழுதுகிறவனும் நல்ல கோடைப் பார்த்தால் ரசிக்கிறானே! காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர் வைத்தவர்கள் காற்றைக் கவனிக்காமலா வைத்தார்கள்? கப்பலின் முகப்புக்கு அணியம் என்று தனிச்சொல் இருக்கு. புத்தகம் எழுத நேரமும் பணமும் இல்லாதவர்கள் தங்கள் ஆசையை இந்தச் சொற்களில் விட்டுப்போயிருக்காங்க. அதைப் புத்தகமாகப் பார்க்கணும்னா ஜோ டி குருஸின் 'கொற்கை' நாவல் 2009இல்தான் வந்தது. அதற்குள் பாயே போய்விட்டது.

1961இல் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றது. 1974இல் பெருந்துறைமுகம் என்ற அந்தஸ்து. கப்பல் நேராகத் துறைமுகத்துக்குள் வந்து நிற்க ஆரம்பித்ததும் சரக்கு இறக்கும் தோணிக்கு வேலை இல்லை. மிச்சமிருந்த தோணிகளில் எஞ்சின் ஏறியது. இன்றும் தூத்துக்குடித் தோணிகள் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் கொண்டுபோகின்றன. ஆனால் ஓட்டுவது டீசல். ஒரு வேடிக்கை: அரசாங்கக் கணக்கில் இந்தத் தோணிகளின் வகை 'மெக்கனைஸ்டு செய்லிங் வெசல்', இயந்திரம் பொருத்திய பாய்க்கப்பல். பாய் போனாலும் பெயரில் பாய் இருக்கு.

இன்னொரு பக்கம், சென்னையில் டிங்கி ஓட்டப் பழகிய நேத்ரா குமணன் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குப் போனார். பாய்ப்படகுப் போட்டியில் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். பெருமையான விஷயம். தமிழ்க் கடலில் பாய் மறுபடி விரிகிறது, இந்தத் தடவை ஆசை என்ற பெயரோடே.

ஆனால் எஞ்சின் இல்லாமல் தோணியைக் கொழும்புக்கு ஓட்டிய தண்டல்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் எண்பதைத் தொட்டிருப்பார்கள். எந்தக் காற்றில் எந்தப் பாயை இறக்கினாங்க, ராத்திரியில் எந்த நட்சத்திரத்தைப் பிடித்துப் போனாங்க என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கு. பேக்கப் இல்லாத சர்வர் மாதிரி. உங்க வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு தாத்தா இருந்தால், போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணி வைத்துக் கேளுங்க. தேதியும் சரக்கும் பதிவேடுகளில் ஓரளவு கிடைக்கும். "பாய் நிறையக் காற்று பிடிக்கும்போது எப்படி இருந்தது தாத்தா?" என்ற கேள்வியை மட்டும் விட்டுடாதீங்க.