மீதிக் காசு எங்கே இருக்கு?

எங்க வானகரத்துக்கு ரெண்டு விஷயத்துல பேர் உண்டு. ஒண்ணு மீன் மார்க்கெட், இன்னொண்ணு டோல்கேட். மீனைப் பத்தி எழுத வேற ஆள் இருக்காங்க, நமக்குத் தெரிஞ்சது டோல்கேட் :-)

பெருங்களத்தூர்ல ஆரம்பிச்சு புழல் வரைக்கும் போற 32 கிலோமீட்டர் சென்னை பைபாஸ்ல நம்ம ஊர் டோல்கேட் இருக்கு. கார் கண்ணாடியில ஒட்டின ஸ்டிக்கரை மேலே இருக்கற ஆன்டெனா படிக்குது, கம்பம் தூக்குது. அதே ஊர்ல பூந்தமல்லி நெடுஞ்சாலையில மாநகரப் பேருந்து ஓடுது. கண்டக்டர் கையில ஒரு மெஷின், அதுல சிங்காரச் சென்னை கார்டை வெச்சா டிக்கெட் வருது. ரெண்டும் ரேடியோ. ரெண்டுலயும் பேட்டரி கிடையாது. ரெண்டுக்கும் பின்னாடி இருக்கற நிறுவனமும் ஒண்ணுதான், தேசியக் கொடுப்பனவுக் கழகம், அதாவது யு.பி.ஐ. நடத்தறவங்க.

ஆனா ஒரே ஒரு விஷயத்துல ரெண்டும் நேர் எதிர். பஸ் கார்டுல உங்க காசு கார்டுக்குள்ளயே இருக்கு. டோல்கேட் ஸ்டிக்கர்ல ஒரு பைசா கூட இல்ல, வெறும் நம்பர்தான். காசு எங்கேயோ ஒரு பேங்க் சர்வர்ல இருக்கு.

"இதுல என்னப்பா இருக்கு, எங்க இருந்தா என்ன?"ன்னு கேட்பீங்க. உலகம் முழுக்க கடந்த முப்பது வருஷமா பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் கார்டு போட்டவங்க எல்லாரும் சுத்திச் சுத்தி வந்தது இந்த ஒரு கேள்வியைத்தான்.

முதல்ல கொஞ்சம் பிசிக்ஸ். கார்டோட ஓரத்தைச் சுத்தி மெல்லிசா ஒரு கம்பிச் சுருள், அதோட ஒட்டின ஒரு குட்டி சில்லு. ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு காந்தப் புலத்தை அனுப்பிக்கிட்டே இருக்கும். கார்டு பக்கத்துல வந்ததும் சுருள்ல மின்சாரம் பிறக்கும், சில்லு முழிச்சுக்கும். பிளஸ் டூவுல படிச்ச டிரான்ஸ்பார்மர் பாடமேதான், ஒரு பாதி ரீடர்ல, மறு பாதி உங்க பர்ஸ்ல. சில்லு பதில் சொல்லணும்னா தன்னோட மின்சுமையை வேகமா கூட்டிக் குறைக்கும், ரீடர் அந்த ஆட்டத்தை உணர்ந்து படிச்சுக்கும். பத்து சென்டிமீட்டர் தாண்டினா வேலைக்கு ஆகாது. ஃபாஸ்டேக் கதை வேற. அது 865-லிருந்து 867 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள அலைவரிசை. வர்ற அலையைக் கண்ணாடி மாதிரி திருப்பி விடும், அதனால சில மீட்டர் தூரத்துல இருந்தே படிக்கலாம்.

சரி, வரலாறுக்கு வருவோம்.

சியோல் நகரத்து பஸ்கள்ல 1996லயே தொடாத கார்டு வந்தாச்சு. ஆனா உலகமே திரும்பிப் பார்த்தது ஹாங்காங்கை. 1997 செப்டம்பர் 1 அன்னிக்கு அங்க ஆக்டோபஸ் கார்டு வந்தது. உள்ளே சோனியோட ஃபெலிகா சில்லு. கார்டை வெச்சு எடுக்க 0.3 செகண்ட். முதல் மூணு மாசத்துல 30 லட்சம் கார்டு போச்சு. அந்த 0.3 செகண்டுக்குள்ள ரீடர் எந்த சர்வரையும் கேக்கறதில்ல, கேக்க நேரமும் இல்ல. பாக்கி எவ்வளவுன்னு கார்டுலயே படிச்சு, கழிச்சு, புது பாக்கியைக் கார்டுலயே எழுதி அனுப்பிடுது. கணக்கு விவரம் அப்புறமா சாவகாசமா சென்ட்ரல் சிஸ்டத்துக்குப் போகும்.

இந்த வேகத்தைப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. எனக்குப் பெருசாப் படறது வேற ஒண்ணு. ஹாங்காங்ல கார்டு வந்தது 1997ல, ஆனா அதுக்கான கம்பெனியை மெட்ரோ ரயில், இன்னொரு ரயில் கம்பெனி, பஸ் கம்பெனிகள், படகுக் கம்பெனின்னு எல்லாரும் சேர்ந்து ஆரம்பிச்சது 1994ல. காசு கார்டுக்குள்ள இருக்குன்னா, பஸ்காரர் கழிச்ச காசு ரயில்காரர் வித்த கார்டுலேர்ந்து வந்ததா இருக்கலாம். அதை யார் யாருக்குத் தரணும்? யார் மெஷின் எழுதறதை யார் நம்பணும்? இதையெல்லாம் பேசி முடிச்சுட்டுத்தான் கார்டையே அடிச்சாங்க.

காசைக் கார்டுல வைக்கறதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. லண்டன்ல 2003ல ஆய்ஸ்டர் கார்டு வந்தது, உள்ளே மைஃபேர் கிளாசிக் சில்லு. அதோட பூட்டு 48 பிட் சாவி, அல்காரிதத்தை ரகசியமா வெச்சிருந்தாங்க. 2008ல நெதர்லாந்து நைமேகன் பல்கலைக்கழகத்து ஆளுங்க அதை உடைச்சுட்டாங்க. சில்லு தயாரிச்ச கம்பெனி 'கட்டுரையை வெளியிடக் கூடாது'ன்னு கோர்ட்டுக்குப் போச்சு, கோர்ட் முடியாதுன்னுடுச்சு. கார்டுல இருக்கற எண்ணே காசுன்னா, அந்த எண்ணை மாத்தத் தெரிஞ்சவன் காசு அடிக்கற மாதிரிதானே! லண்டன்காரங்க கொஞ்சம் கொஞ்சமா வேற சில்லுக்கு மாறினாங்க. 2012 கடைசியில பஸ்லயும், 2014 செப்டம்பர்ல சுரங்க ரயில்லயும் சாதாரண பேங்க் கார்டையே வெச்சுப் போகலாம்னு திறந்து விட்டாங்க. அதாவது காசு மறுபடியும் சர்வருக்கு.

இப்ப நம்ம ஊர். இந்தியாவுல டில்லி மெட்ரோ 2002 டிசம்பர்ல ஆரம்பிச்ச நாள்லேர்ந்தே தொடாத கார்டும் டோக்கனும்தான். சென்னையில கோயம்பேடு - ஆலந்தூர் மெட்ரோ 2015 ஜூன் 29 அன்னிக்கு ஓட ஆரம்பிச்சப்பவே டிராவல் கார்டு இருந்தது. வானகரத்துக்காரன் பஸ் புடிச்சு கோயம்பேடு வந்து மெட்ரோ ஏறணும். பஸ்ல சில்லறை, மெட்ரோல கார்டு. அந்த மெட்ரோ கார்டை பஸ்ல காட்டினா கண்டக்டர் நம்மள மேலயும் கீழயும் பார்ப்பாரு :-)

ஏன் இப்படி? டெக்னாலஜி இல்லாமலா? அதான் இல்ல. 1997ல ஹாங்காங் பஸ்ல ஓடினது 2015ல சென்னை பஸ்ல ஓடாதா?

ரெண்டு காரணம் எனக்குத் தோணுது. முதல் காரணம் கண்டக்டர். நம்ம பஸ் டிக்கெட் வெறும் அனுமதிச் சீட்டு இல்ல, அது அவரோட கணக்குப் புத்தகம். எந்த ஸ்டேஜ்ல எந்த நம்பர்லேர்ந்து எந்த நம்பர் வரைக்கும் கிழிச்சிருக்காருன்னு எழுதி வெச்சாகணும், செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினா அதைத்தான் பார்ப்பாரு. டிப்போவுல காசு கட்டும்போது அதுதான் சாட்சி. கூட்டத்துல பின்னாடி சீட்டுலேர்ந்து நாலு கை மாறிக் காசு வந்து, அதே நாலு கை வழியா டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் திரும்பிப் போற ஊர் இது. (வெளியூர் நண்பர்கள் இதைப் பார்த்துட்டு வாயைப் பொளப்பாங்க. ஒரு ரூபா குறையாது!) இந்த சிஸ்டத்தைத் தூக்கிட்டு வாசல்ல ஒரு கார்டு மெஷின் மாட்டினா போதும்னு நினைக்கறது நம்மள மாதிரி ஏ.சி. ரூம்ல உக்காந்து கோடு எழுதறவங்க புத்தி. அதனாலதான் 2024ல புது டிக்கெட் மெஷின்கள் கண்டக்டர்கள் கைக்கு வந்தப்புறம்தான் கார்டுக்கு வழி பிறந்தது. இன்னிக்கும் கார்டு வைக்கறது வாசல்ல இல்ல, கண்டக்டர் கையில இருக்கற மெஷின்ல. அவர் ஸ்டேஜைத் தட்டணும், நாம கார்டை வைக்கணும், சீட்டு வரணும். சில்லறைச் சண்டை மிச்சம், நேரம் பெருசா மிச்சமில்ல. ஆனா இது நம்ம பஸ்ஸுக்குப் பொருத்தமான வழிதான்னு நினைக்கறேன்.

ரெண்டாவது காரணம்தான் ஹாங்காங் 1994ல முடிச்ச வேலை. எல்லாப் போக்குவரத்தையும் ஒரு கூரைக்குள்ள கொண்டு வர சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அமைக்க 2010லயே சட்டம் போட்டாச்சு. அந்தக் குழுமம் முதல் கூட்டம் போட்டது 2022 நவம்பர்ல! பன்னிரண்டு வருஷம். அந்தப் பன்னிரண்டு வருஷத்துல ஒரு கார்டு எத்தனை தடவை ஹார்டுவேர் மாறியிருக்கும்னு யோசிங்க. அலைவரிசை ரெடி, சில்லு ரெடி, உக்காந்து பேசறதுக்குத்தான் மேஜை இல்ல.

கடைசியில முடிச்சு டில்லியிலேர்ந்து அவிழ்ந்தது. 2017ல கொச்சி மெட்ரோ ஒரு பேங்கோட சேர்ந்து, கடையிலயும் தேய்க்கலாம், மெட்ரோவுலயும் வைக்கலாம்னு ஒரு கார்டைக் கொடுத்தது. 2019 மார்ச் 4 அன்னிக்கு ஆமதாபாத்ல பிரதமர் மோடி தேசியப் பொது நகர்வு அட்டையை வெளியிட்டாரு. ரூபே கார்டுதான், ஆனா சில்லுக்குள்ள தனியா ஒரு ஆஃப்லைன் பணப்பை. பேங்க் கார்டு, ஆனா பஸ்ல நெட்வொர்க் இல்லாட்டியும் வேலை செய்யும். 2023 ஏப்ரல்ல சென்னை மெட்ரோவும் ஸ்டேட் பேங்கும் சேர்ந்து இதையே சிங்காரச் சென்னை கார்டுன்னு கொண்டு வந்தாங்க. 2025 ஜனவரி 6 அன்னிக்கு அது மாநகரப் பேருந்துக்கும் வந்தது. முதல் 50,000 கார்டு இலவசம். அதே வருஷம் மெட்ரோ தன்னோட பழைய டிராவல் கார்டுக்கு ரீசார்ஜை நிறுத்திடுச்சு. மெட்ரோ வந்து பத்து வருஷம் கழிச்சு, வானகரத்து பஸ்ஸுக்கும் கோயம்பேடு மெட்ரோவுக்கும் ஒரே கார்டு.

இப்ப டோல்கேட் பக்கம் வருவோம். 2010ல நந்தன் நிலேகனி தலைமையில ஒரு கமிட்டி, சுங்கச்சாவடிக்கு ரேடியோ ஸ்டிக்கர்தான் சரின்னு சொன்னது. 2012ல சண்டிகர் - பர்வானு ரோட்டுல வெள்ளோட்டம். 2014ல ஃபாஸ்டேக்னு பேர் வெச்சு விரிவாச்சு. 2017 டிசம்பர்லேர்ந்து புது நாலு சக்கர வண்டிகளுக்குக் கட்டாயம், 2021 பிப்ரவரி நடுவுல எல்லா லேனுக்கும் கட்டாயம், இல்லாட்டி டபுள் காசு. (2025 நவம்பர்லேர்ந்து, ஸ்டிக்கர் இல்லாதவங்க யு.பி.ஐ.யில கட்டினா ஒண்ணேகால் மடங்கு.) இங்க கார் வரும்போது சர்வரைக் கேட்டுட்டுத்தான் கம்பம் தூக்குதுன்னு நினைச்சுடாதீங்க. காசு இல்லாத, முடக்கி வெச்ச ஸ்டிக்கர்களோட லிஸ்ட் ஒண்ணு அப்பப்ப டோல்கேட்டுக்கு வந்துகிட்டே இருக்கும். உங்க நம்பர் அதுல இல்லைன்னா போகலாம், காசு பின்னாடி கழியும். எங்க பாஷையில சொன்னா, கணக்கு நேர்மையா ஒத்துப் போகும், ஆனா உடனே இல்ல. நீங்க இப்பத்தான் ரீசார்ஜ் பண்ணியிருப்பீங்க, டோல்கேட் லிஸ்ட்ல இன்னும் பழைய தகவல் இருக்கும். அந்த சில நிமிஷ இடைவெளியில மாட்டினா ஹாரன் சத்தம் நமக்குத்தான்.

(ஃபாஸ்டேக் வந்தப்புறம் டோல்கேட் வேகமாச்சு, ஆனா இருக்கணுமாங்கற கேள்வி போகல. 2021ல தமிழ்நாடு சட்டசபையில, நகரத்துக்குப் பக்கத்துல இருக்கற அஞ்சு சுங்கச்சாவடியை எடுக்கச் சொல்லிப் பேச்சு வந்தப்ப அந்த லிஸ்ட்ல நம்ம வானகரமும் இருந்தது.)

ஆக, தப்பு நடந்தா நஷ்டம் யாருக்குங்கறதைத்தான் காசு இருக்கற இடம் தீர்மானிக்குது. ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் கிழிஞ்சா வேற வாங்கி ஒட்டிக்கலாம், காசு பேங்க்ல பத்திரம். பஸ் கார்டு தொலைஞ்சா அதுல இருந்த காசு போனது போனதுதான், பத்து ரூபா நோட்டு தொலைஞ்ச மாதிரி. ஆனா நோட்டுக்கு உள்ள நல்ல குணமும் அதுக்கு உண்டு. சிக்னல் தேவையில்ல, பாக்கி எவ்வளவுன்னு மெஷின் அங்கேயே காட்டிடும்.

அந்தக் கடைசி வரி சின்ன விஷயமாத் தெரியலாம். சிங்கப்பூர்ல அதுக்காக அரசாங்கமே பின்வாங்கிச்சு. அங்க 2002லேர்ந்து இ.சி.-லிங்க் கார்டு, காசு கார்டுக்குள்ள. காசு சர்வர்ல இருக்கற சிம்ப்ளிகோ முறைக்கு எல்லாரும் ஜூன் மாசத்துலேர்ந்து மாறியாகணும்னு 2024 ஜனவரி 9 அன்னிக்கு அறிவிச்சாங்க. டெக்னிக்கலா அதுதான் உசத்தி: கார்டு தொலைஞ்சாலும் காசு போகாது, போன்லயே ரீசார்ஜ். ஆனா புது முறையில கேட்ல கார்டை வெச்சா எவ்வளவு கழிஞ்சது, எவ்வளவு மிச்சம்னு திரையில காட்டாது, ஆப்லதான் பார்க்கணும். ஜனங்க கொதிச்சுட்டாங்க. ரெண்டே வாரத்துல, ஜனவரி 22 அன்னிக்கு, பழைய கார்டும் தொடரும்னு சொல்லி அதுக்காகக் கூடுதலா 4 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்கினாங்க. உலகத்துலயே நெட்வொர்க்குக்குக் குறைச்சல் இல்லாத ஊர் அது. அங்கயே ஜனங்களுக்குத் தன் காசு கண்ணுக்குத் தெரியணும்.

நம்ம பஸ்ல அஞ்சு ரூபா டிக்கெட் வாங்கறவங்களுக்கு அது இன்னும் பெரிய விஷயம். சாதாரண பஸ்ல 2021 மே மாசத்துலேர்ந்து பெண்களுக்கு டிக்கெட் இலவசம், அதனால அவங்களுக்கு இந்தக் கார்டே அங்க தேவையில்ல. மிச்சம் இருக்கறவங்கள்ல போன் உள்ளவங்க 2025 செப்டம்பர்ல வந்த சென்னை ஒன் ஆப்ல ஒரே க்யூ.ஆர். டிக்கெட்ல பஸ், மெட்ரோ, மின்சார ரயில்னு போயிடலாம். அங்கயும் காசு சர்வர் வழிதான். அப்ப கார்டு யாருக்கு? பட்டன் போன் வெச்சிருக்கற தாத்தாவுக்கு, சார்ஜ் தீர்ந்து போன காலேஜ் பையனுக்கு, பூந்தமல்லி தாண்டி சிக்னல் தொங்கற இடத்துல ஏறறவருக்கு. சர்வர்காரங்க ஜெயிச்சுட்டாங்கன்னு சொல்லி இந்தக் கார்டை அஞ்சு வருஷத்துல மூட்டை கட்டினா, முதல்ல இறங்கி நிக்கப் போறது இவங்கதான்.

கொசுறு: சிங்காரச் சென்னை கார்டுக்கு ஆன்லைன்ல ரீசார்ஜ் பண்ணினா மட்டும் காசு கார்டுக்குள்ள போயிடாது. அது வெளியிலயே காத்துக்கிட்டு இருக்கும், ஒரு தடவை அதுக்கான மெஷின்ல கார்டை வெச்சு உள்ளே எழுதிக்கணும். ஆஃப்லைன் பணப்பையில அதிகபட்சம் 2,000 ரூபா வெச்சுக்கலாம். நான் 200க்கு மேல வைக்கறதில்ல.