பிழாவும் சாடியும் தகரமும்: மதுவடு கலங்களின் வரலாறும் கிள்ளான் பள்ளத்தாக்கும்

தமிழர் மது வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் குடித்தவனைப் பற்றியே எழுதியுள்ளனர். மன்னனின் நறவு, பாணனின் தேறல், தோட்டப்புறத்துத் தொழிலாளியின் கள் என அவ்வரலாறு நீள்கின்றது. வடித்தவர் எக்கலத்தைக் கையாண்டனர், கலம் தவறினால் யாது நேர்ந்தது என்னும் வினா அருகியே எழுப்பப்பட்டுள்ளது. வீட்டில் பியர் வடிக்கக் கற்பவன் இன்று செய்யும் பிழைகளுள் பல, கலத்தைப் பற்றிய பிழைகளே. அவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. மலாயாத் தமிழர் வரலாற்றில் அவற்றுக்கு ஒரு விலையும் உண்டு.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைக் காட்டும் பகுதி, அரிசிக்கள் வடிக்கும் முறையைப் படிப்படியாக விளக்குகின்றது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுகின்றனர். பின்னர் நல்லடையைக் கலக்கின்றனர்; உரை மரபு இதனை முளையடை எனக் கொள்ளும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின், வலிய வாயையுடைய சாடியில் முதிர்ந்ததை விரலால் அலைத்து அரிக்கின்றனர். முளைவிட்ட தானியத்தைக் கொண்டு மாவுப்பொருளைச் சருக்கரையாக்கி நொதிக்கச் செய்வதே பியர். ஆதலின் இப்பகுதியைத் தமிழில் கிடைக்கும் பியர் வடிப்புக் குறிப்பு எனக் கொள்வதில் தவறில்லை.

இங்குக் கலங்கள் இரண்டாயிருப்பது கருதத்தக்கது. ஆற்றுவதற்கு அகன்ற வாய். முதிர்விப்பதற்கு வலிய வாய். கொதிக்கும் களியில் முளையைக் கலந்தால் அதன் நொதிகள் அழியும். ஈஸ்ட் அதற்கும் குறைந்த வெப்பத்திலேயே மடியும். ஆழமான ஒரே பானையில் சமைத்து, அதிலேயே ஆறவைத்து, பொறுமையின்றி ஈஸ்ட்டைத் தூவுவது தொடக்கநிலையாளரின் முதற்பிழை. பெல்ஜியத்தில் லாம்பிக் பியர் வடிப்போர் இன்றும் ஆழமற்ற அகன்ற கலத்தில்தான் ஆற்றுகின்றனர். பிழாவின் வாயகலம் புலவரின் வெற்று அடைமொழியன்று, தொழிற்குறிப்பு. வகுப்பில் இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைச் சுட்டிக்காட்டினால் மாணவர்க்கு அடைமொழியின் மதிப்பு விளங்கும்.

அதே நூல் மற்றோரிடத்தில், கள்ளடும் மகளிர் வட்டில் கழுவிய நீர் வழிந்து சேறாகி, அதில் பன்றிகள் அளைவதைக் கூறுகின்றது. உரையாசிரியர் பலரும் பன்றியோடு நின்றுவிடுகின்றனர். கழுவுநீர் சேறாகும் அளவுக்குக் கலங்கள் கழுவப்பட்டன என்பதே வடிப்பவன் அறிய வேண்டிய செய்தி. கழுவாத கலத்தில் தங்கும் நுண்ணுயிர், நல்ல மதுவையும் காடியாக்கிவிடும்.

சாடியை நிலத்தில் புதைத்து முதிர்விக்கும் வழக்கத்தைக் கபிலரின் புறநானூற்றுப் பாடல் (120) காட்டுகின்றது. மூங்கிற்குழாயில் விளைந்த தேறலை மலைபடுகடாம் காட்டுகின்றது. புதைத்த சாடி பகல் வெப்பத்துக்கு ஆட்படாது. மேலைநாட்டு ஏல் வகைப் பியருக்குரிய ஈஸ்ட் ஏறத்தாழ 18 முதல் 22 பாகை செல்சியசில் நன்கு பணிபுரியும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பகல் வெப்பம் 30 பாகையைக் கடப்பது அன்றாட நிகழ்ச்சி. மேலைநாட்டு நூலைப் பார்த்து வாளியை அடுக்களை மூலையில் வைப்பவருக்குக் கிடைப்பது கடுமணமும் தலைவலியும்தான். அடர்த்திமானியும் இவ்வாறே ஏமாற்றும். அது 15.6 அல்லது 20 பாகைக்கு அளவிடப்பட்டது. 30 பாகையில் காட்டும் அளவு, திருத்தமின்றிக் கொண்டால், உண்மையினும் குறைவாயிருக்கும். 1816இல் பிரித்தானியச் சட்டம் ஏற்ற சைக்ஸ் மானியோடு வெப்பமானியும் திருத்த அட்டவணையும் சேர்ந்தே இருந்தன. வரி தண்டுவோர் கருவியை நம்பியது அட்டவணையோடுதான்.

கள்ளின் கலம் வேறு வகையினது. பாளையில் கட்டிய மண்கலயத்தின் நுண்துளைகளில் முன்னைய கள்ளின் ஈஸ்ட் தங்கியிருப்பதால், சாறு சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கும். உள்ளே சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டுப் பதநீர் கிடைக்கும். கள்ளா பதநீரா என்பதை முடிவுசெய்வது மரமன்று, கலயத்தின் உட்புறமே. இந்நுட்பம் மரமேறுவோரின் கைப்பழக்கத்தில் இருந்தது, ஏட்டில் இல்லை.

மலாயாத் தோட்டங்களில் இவ்வறிவு தொழிலாளியிடமிருந்து பிரிக்கப்பட்டது என்பது என் கருத்து. உரிமம் பெற்ற கள்ளுக்கடையில் அவன் வாங்குவோன் மட்டுமே; உரிமமின்றிப் பாளை சீவுவதும் வடிப்பதும் குற்றம். கூலியின் ஒரு பகுதி கள்ளுக்கடை வழியே திரும்பிச் சென்றது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், ஊதிய உயர்வுடனும், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிப்பதுடனும், கள்ளுக்கடைகளை மூடுவதும் இடம்பெற்றது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். 1947இல் கெடா மாநிலத்துப் பீடோங்கிலும் கள்ளுக்கடை மறியல் மோதலில் முடிந்தது.

கள்ளை மூடினால் சம்சு பெருகும் என்பது தோட்ட முதலாளிகள் தரப்பின் வழக்கமான மறுமொழி. அதில் பாதி உண்மை இருந்தது. ஆனால் சம்சு ஏன் கொடியதாயிற்று என்பதை அவர்கள் கூறவில்லை. ஒளித்து வடிப்பவன் தேர்ந்த கலத்தை நாட முடியாது. கிடைத்த தகரத்தையும் குழாயையும் கொண்டே வடிக்க வேண்டும். அவனுக்கு ஆசானும் இல்லை. புளித்த நீர் துத்தநாகப் பூச்சைக் கரைக்கும். பற்றுவைத்த இணைப்பிலுள்ள காரீயத்தையும் கரைக்கும். இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில் ஆப்பிள் மது பருகியோரை வாட்டிய வயிற்றுநோய்க்கு, பழம் பிழியும் பொறியிலிருந்த காரீயமே காரணம் என ஜார்ஜ் பேக்கர் என்னும் மருத்துவர் 1767இல் காட்டினார். நம் பாட்டிமார் இதனை வேறு வழியில் அறிந்திருந்தனர். பித்தளையில் புளிக்குழம்பு வையார். வைப்பதாயின் உள்ளே ஈயம் பூசுவர். இரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தாலானது, காரீயத்தாலானதன்று. அடுக்களையில் இருந்த இவ்வறிவு, லயத்துக்குப் பின்புறம் மறைவில் வைத்த தகரத்தை எட்டவில்லை.

நாட்டின் பெரிய பியர் ஆலைகள் இரண்டும், ஷா ஆலமிலும் சுங்கைவேயிலும், இப்பள்ளத்தாக்கிலேயே இயங்குகின்றன. அவற்றில் துருப்பிடிக்காத எஃகுக் கலங்கள். வீட்டில் முயல்வோரிடம் நெகிழி வாளி. முரட்டு நாரால் தேய்த்த கீறல்களுக்குள் நுண்ணுயிர் புகுந்தால் எக்கழுவலும் அதனை எளிதில் அகற்றாது. எஃகுக் கலமாயின் குளோரின் கலந்த வெளுப்பானில் ஊறவைத்துக் குழி விழச் செய்வோர் உண்டு. நொதித்தல் முடியுமுன் புட்டியை இறுக மூடினால் கரியமில வாயு அதனை வெடிக்கச் செய்யும். தைப்பொங்கலுக்குப் பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கு வரும் புதிய மண்பானையும் இதற்கு உதவாது. அதன் துளைகள் நீரைக் கசியவிடும், கழுவவும் இயலாது. இந்நாட்டில் உரிமமின்றி மது வடிப்பது 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்படி குற்றமாதலால், இங்குக் கூறியது வரலாற்று விளக்கமாகவே கொள்ளப்பட வேண்டும்.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நச்சு மது அருந்தி 30க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, வீட்டு வடிப்பின் மீது பழி சுமத்திய பேச்சுகள் எழுந்தன. அரிசியோ பார்லியோ நொதிப்பதால் உயிர்கொல்லும் அளவில் மெத்தனால் உண்டாவதில்லை. அங்கு நேர்ந்தது கலப்படம். மாண்டோருள் பலர் நேப்பாளம், மியன்மார், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். தாம் வாங்கிய புட்டியில் இருந்தது எக்கலத்தில் உருவானது என அறிய அவர்களுக்கு வழியில்லை.